பழைய போக்கோவில் லினக்ஸ்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கையில் ஒரே ஒரு போன்தான் இருக்கிறது என்றால், இதைப் படித்துவிட்டு அதில் கை வைத்துவிடாதீர்கள். இங்கே யாங்கோனில் மீன்காரம்மாவுக்குக்கூடப் போனில்தான் பணம் அனுப்புகிறோம். வைபர் என்ற அரட்டை ஆப் இல்லாமல் எங்கள் ஆபீசில் ஒரு மூட்டை உளுந்து நகராது. அந்த வேலைகளுக்கு என்னிடம் சாதாரண ஆண்ட்ராய்டு போன் ஒன்று இருக்கிறது. அதை நான் தொடவே இல்லை. லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டது, தம்பி மலேசியாவுக்கு வேலைக்குப் போகும்போது வீட்டில் விட்டுவிட்டுப் போன போக்கோ எஃப்1-ல்.

அந்தப் போன் 2018-ல் வந்தது. விலை கூடிய போன்களில் இருந்த ஸ்னாப்டிராகன் 845 சிப்பை இதில் குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். 6 ஜிபி ராம், 4000 எம்ஏஎச் பேட்டரி. பப்ஜி விளையாடுவதற்கென்றே தம்பி அப்பாவிடம் அடம்பிடித்து வாங்கினான். இன்றைக்கும் அதன் வேகத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பின்பக்க மூலையில் ஒரு கீறல் இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதிகாரப்பூர்வமாக அதற்குக் கிடைத்த கடைசி ஆண்ட்ராய்டு பதிப்பு 10. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்று பல வருடமாகிறது. உடம்பில் தெம்பு இருக்கும்போதே பென்ஷன் கொடுத்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஆள் மாதிரி இழுப்பறையில் கிடந்தது.

"ஆண்ட்ராய்டும் லினக்ஸ்தானே அக்கா, அதை எடுத்துவிட்டு மறுபடியும் லினக்ஸா?" என்றான் தம்பி. நியாயமான கேள்வி. ஆண்ட்ராய்டுக்கு அடியில் ஓடுவது லினக்ஸ் கர்னல்தான், அதாவது வன்பொருளையும் மற்ற மென்பொருளையும் இணைக்கும் அடிப்படைப் பகுதி. ஆனால் ஒரு போன் தயாராகும்போது நடப்பது இது: லினக்ஸின் ஏதோ ஒரு பதிப்பைத் தனியே பிரித்தெடுப்பார்கள். அதன்மேல் சிப் செய்பவர்கள் தங்கள் திருத்தங்களைச் சேர்ப்பார்கள், போன் செய்பவர்கள் தங்கள் பங்குக்குச் சேர்ப்பார்கள். அதில் பெரும்பகுதி மூல லினக்ஸுக்குத் திரும்பிப் போகாது. மூல லினக்ஸ் வளர்ந்துகொண்டே போகும், போன் மட்டும் பிரித்தெடுத்த இடத்திலேயே நிற்கும். போக்கோ எஃப்1-ன் ஆண்ட்ராய்டு ஓடுவது 4.9 கர்னலில். அது 2016 டிசம்பரில் வெளிவந்த பதிப்பு. நீண்டகால ஆதரவு உள்ள பதிப்பு என்று சொல்லப்பட்டதற்கே 2023 ஜனவரியோடு ஆதரவு முடிந்துவிட்டது.

இதற்கு மாற்றாக இரண்டு வழி இருக்கிறது. எங்கள் இருவருக்கும் சண்டை வந்தது இங்கேதான்.

ஒரு வழி உபுண்டு டச். கனோனிக்கல் கம்பெனி 2013-ல் அறிவித்து, 2017 ஏப்ரலில் கைவிட்ட அந்த முயற்சியை யூபிபோர்ட்ஸ் என்ற தன்னார்வலர் குழு எடுத்து இன்றுவரை நடத்துகிறது. அவர்கள் பெரும்பாலான போன்களில் செய்வது என்னவென்றால், ஆண்ட்ராய்டோடு வந்த அதே பழைய கர்னலையும், கேமரா, திரை போன்றவற்றை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்களையும் அப்படியே அடியில் வைத்துக்கொண்டு, ஹேலியம் என்ற ஒரு அடுக்கு வழியாக அவற்றோடு பேசுவது. மேலே பார்ப்பதெல்லாம் லினக்ஸ். இதில் பெரிய வசதி, கேமரா, போன் பேச்சு எல்லாம் ஓரளவு ஒழுங்காக வேலை செய்யும். ஏனென்றால் டிரைவர்கள் கம்பெனி கொடுத்தவை. சங்கடம் என்னவென்றால், அடியில் இருப்பது அதே 4.9.

இன்னொரு வழி போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ். ஆலிவர் ஸ்மித் என்பவர் 2017-ல் தொடங்கியது. ஒரு போன் பத்து வருடம் உழைக்க வேண்டும் என்பது அவர் அன்றைக்கு வைத்த இலக்கு. ஆல்பைன் லினக்ஸ் என்ற மிகச் சிறிய லினக்ஸை அடித்தளமாக எடுத்துக்கொண்டு, முடிந்தவரை மூல லினக்ஸ் கர்னலிலேயே போனை ஓட்டப் பார்க்கிறார்கள். இதைத்தான் மெயின்லைன் என்கிறார்கள். ஸ்னாப்டிராகன் 845 இந்த விஷயத்தில் அதிர்ஷ்டசாலிச் சிப். ஒன்பிளஸ் 6, போக்கோ எஃப்1 என்று அந்தச் சிப் உள்ள போன்களை வைத்துக்கொண்டு நிறையப் பேர் ஆர்வமாக வேலை செய்ததால், திரை, தொடுதல், வைஃபை, கிராஃபிக்ஸ் எல்லாம் மூல கர்னலிலோ அதற்கு மிக நெருக்கமான கர்னலிலோ ஓடுகின்றன. கிராஃபிக்ஸுக்கு ஃப்ரீட்ரீனோ என்ற திறந்த மூல டிரைவர். மோடம், வைஃபை போன்றவற்றுக்குள் ஏற்றுகிற ஃபெர்ம்வேர் என்ற உள் மென்பொருள் மட்டும் இன்னும் மூடிய சரக்குதான்; அதில் யாருக்கும் வேறு வழி இல்லை.

தம்பி உபுண்டு டச் கட்சி. "கேமரா இல்லாத போன் என்ன போன்?" என்பது அவன் வாதம். என் வாதம், கேமராவுக்குத்தான் இன்னொரு போன் இருக்கிறதே. பழைய கர்னலையே கட்டிக்கொண்டு அழுவதற்கு எதற்காக இத்தனை பாடு? போன் என் கையில் இருந்ததால் என் கட்சி ஜெயித்தது.

வேறு இயங்குதளத்தை ஏற்றவிடாமல் தடுக்கும் பூட்லோடர் பூட்டை அவன் எப்போதோ திறந்து வைத்திருந்தான். அது எனக்குப் பெரிய உபகாரம். போக்கோ உட்பட ஷாவ்மி குடும்பத்துப் போன்களில் அதற்கென்று கணக்கு தொடங்கி, போனை அந்தக் கணக்கோடு இணைத்து, விண்டோஸ் கணினியில் ஒரு மென்பொருளைப் போட்டு, அது சொல்லும் நாள்வரை காத்திருந்து, அப்புறம்தான் திறக்க முடியும். இணையம் எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் அந்த வேலையை நான் செய்ய வேண்டியிருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

ஏற்றுவதற்கு முன்னால் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. போக்கோ எஃப்1-ல் இரண்டு விதமான திரைகள் வந்திருக்கின்றன: ஒன்று டியான்மா செய்தது, இன்னொன்று ஈபிபிஜி செய்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் கர்னலுக்கு எது என்று சொல்லித்தான் ஆகவேண்டும். மாற்றிச் சொன்னால் திரை வராது. பழைய ஆண்ட்ராய்டு இருக்கும்போதே, ரெக்கவரி என்ற பழுதுபார்க்கும் முறையில் நுழைந்து கர்னல் பதிவுகளில் திரை சம்பந்தப்பட்ட வரியைத் தேடினால் இந்த இரண்டு பெயரில் ஒன்று கிடைக்கும். எங்களுடையது டியான்மா. இன்னொன்று, டிடிபிஓ என்ற ஒரு சிறு பகுதியை கணினியிலிருந்து கேபிள் வழியாகப் போனில் எழுதும் ஃபாஸ்ட்பூட் முறையில் அழித்துவிட வேண்டும். ஆண்ட்ராய்டு அதில் தன் வன்பொருள் விவரங்களை எழுதி வைத்திருக்கும். மூல கர்னல் அதைப் பார்த்தால் குழம்பும். மற்றபடி தயாராக இருக்கும் இமேஜை, அதாவது முழு இயங்குதளமும் அடங்கிய கோப்பை இறக்கி, கேபிளை மாட்டி, ஏற்றுவது ஒரு கப் டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. முதல் முறை திறக்கும்போது கேட்கும் பின் எண் 147147. உடனே மாற்றிவிடுங்கள்.

ஃபோஷ் என்ற முகப்பைத் தேர்ந்தெடுத்தேன். லிப்ரம் 5 போனுக்காகப் பியூரிசம் கம்பெனி தொடங்கியது, இப்போது பல லினக்ஸ் போன்களில் ஓடுகிறது. பார்ப்பதற்கு ஆண்ட்ராய்டுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரிதான். கீழிருந்து மேலே இழுத்தால் ஆப்கள், மேலிருந்து கீழே இழுத்தால் வைஃபை, வெளிச்சம், சத்தம். அதில் சொல்வதற்கு அதிகமில்லை.

சொல்வதற்கு இருப்பது எழுத்தைப் பற்றி. ஃபயர்ஃபாக்ஸைத் திறந்து ஒரு தமிழ்ப் பக்கத்துக்குப் போனால் வரிசையாகக் கட்டம் கட்டமாக வந்தது. பர்மியப் பக்கமும் அப்படியே. இதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. ஆல்பைன் எதையும் கேட்காமல் தராது, எழுத்துரு உட்பட. கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைத் திறந்து நோட்டோ எழுத்துருக்களில் தமிழ், மியன்மார் இரண்டையும் போட்டேன். ஏபிகே என்ற அதன் நிறுவி, சின்னச் சின்னப் பொட்டலங்களாக இறக்குவதால் டேட்டாவும் அதிகம் செலவாகவில்லை. அடுத்த நிமிடம் இரண்டு மொழியும் தெளிவாக வந்துவிட்டன.

படிப்பது சரி, எழுதுவது? ஃபோஷோடு எனக்கு வந்த திரைக் கீபோர்டின் பெயர் ஸ்குவீக்போர்டு. அதில் எனக்குப் பிடித்த விஷயம், ஒவ்வொரு கீபோர்டும் வெறும் எழுத்துக் கோப்பு. யாமெல் என்ற வடிவத்தில், இந்த வரிசையில் இந்த எழுத்து, அடுத்த வரிசையில் இந்த எழுத்து என்று எழுதி, வீட்டு அடைவுக்குள் அதற்குரிய இடத்தில் வைத்தால் எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் எந்தக் கீபோர்டு ஆப்பை நம்புவது, நாம் தட்டுவதை அது எங்கே அனுப்புகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தவளுக்கு இது பெரிய நிம்மதி.

நான் கணினியில் தமிழ்99 பழகியவள். முதலில் அதையே போடலாம் என்று பார்த்தேன். ஆனால் தமிழ்99-க்குக் கொஞ்சம் மூளை வேண்டும். 'க' தட்டி 'இ' தட்டினால் 'கி' ஆக்க வேண்டும், 'க' இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி வைக்க வேண்டும். ஸ்குவீக்போர்டின் கோப்பில் அந்த மாதிரி விதிகளுக்கு இடமில்லை. தட்டியதை அப்படியே அனுப்பும். அதனால் உயிர்மெய்க் குறிகளையே தனித்தனி விசைகளாக வைக்க வேண்டியதாயிற்று.

ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். மெய் வரிசை 18. கால், கொம்பு, சுழி, விலங்கு என்று குறிகள் 11. புள்ளி ஒன்று. கூட்டினால் சரியாக 30. வரிசைக்குப் பத்து வீதம் மூன்று வரிசை! போன் கீபோர்டுக்கென்றே யாரோ அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. உயிரெழுத்து பன்னிரண்டும் ஆய்தமும், ஜ ஷ ஸ ஹ ஆகியவையும் ஷிஃப்ட் அடுக்குக்குப் போயின. சொல்லின் முதலில்தான் உயிரெழுத்து பெரும்பாலும் வரும் என்பதால் அடிக்கடி ஷிஃப்ட் தட்ட வேண்டியதில்லை. 'உளுந்து' என்று எழுத ஒரே ஒரு முறை. வலது கட்டைவிரல் அதிகம் நகராமல் இருக்க, புள்ளியையும் உகரத்தையும் நடு வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எந்தத் தமிழ் வாக்கியத்திலும் அந்த இரண்டும்தான் ஓயாமல் வரும். வேண்டுமானால் இந்தப் பத்தியையே எண்ணிப் பாருங்கள்.

யாமெலில் ஒரு இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் ஏற்றுக்கொள்ளாது, அது ஒரு தொல்லை. விசைகளின் மேல் குறிகள் தனியாக வரும்போது புள்ளிக்கோட்டு வட்டம் ஒன்று ஒட்டிக்கொண்டு வருவதும் கண்ணுக்கு உறுத்தல்தான். ஆனால் சோதித்துப் பார்க்க ஒரு கட்டளை கூடவே வருகிறது. பஸ்ஸில் போகும்போது 'ழ' தூரமாக இருக்கிறது என்று தோன்றினால், வீட்டுக்கு வந்து இரண்டு எழுத்தை இடம் மாற்றினால் முடிந்தது. இந்தப் பதிவின் முக்கால்வாசி அந்தக் கீபோர்டில் தட்டியதுதான்.

அடுத்து அப்பாவின் தொடர்பு எண்கள். அப்பா நாற்பது வருடம் பயறு தரகு பார்த்தவர். பகோவில் மில் வைத்திருப்பவர்கள், மொன்யுவா லாரிக்காரர்கள், பயின்னவுங் மொத்தச் சந்தையின் தரகர்கள், கொன்சேடான் தெரு காளி கோயில் பக்கம் பூ விற்கும் அம்மா வரைக்கும் அவர் போனில் இருந்தார்கள். அந்தப் போன் சாகும் நிலைக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக எடுத்து என் லினக்ஸ் போனில் போட்டேன். தமிழில் இருந்தவை சரியாக வந்தன. பர்மியப் பெயர்களில் பாதி சிதறிக் கிடந்தது.

இந்த ஊரில் இருப்பவர்களுக்குக் காரணம் தெரியும்: ஜாவ்ஜி. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு, பர்மிய எழுத்துக்கு இடம் ஒதுக்கியிருந்தும், இங்கே பரவியது ஜாவ்ஜி என்ற எழுத்துரு. அது யூனிகோடு எண்களையே தன் விருப்பத்துக்குப் பயன்படுத்தியது. மோன், ஷான், கரேன் மொழிகளுக்கென்று ஒதுக்கிய எண்களில் பர்மிய எழுத்தின் மாற்று வடிவங்களைக் கொண்டுபோய் வைத்தது. அதனால் அந்த மொழிக்காரர்கள் தங்கள் மொழியை எழுத முடியாமல் போனது. எகரக் குறியை மெய்யெழுத்துக்கு முன்னால் சேமிப்பது ஜாவ்ஜியின் இன்னொரு வழக்கம், கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே. யூனிகோடிலோ அது பின்னால் வரவேண்டும். யூனிகோடு பரவும் முன் இருந்த திஸ்கி என்ற குறியீட்டின் காலத்தில் தமிழில் கொம்பை முதலில் தட்டி எழுதியவர்களுக்கு இது உடனே புரியும்; நாம் பட்ட அதே பாடுதான். 2019 அக்டோபர் 1 அன்று நாடே யூனிகோடுக்கு மாறுவதாக அரசு அறிவித்தது. அதன் பிறகு வந்தவை ஒழுங்காக இருக்கின்றன. அதற்கு முன் சேமித்தவை அவரவர் போனில் அப்படியே தங்கிவிட்டன. பல ஆண்ட்ராய்டு போன்களில் இரண்டையும் கண்டுபிடித்துக் காட்டும் வித்தை உள்ளே இருந்ததால் அப்பாவுக்கு வித்தியாசமே தெரிந்ததில்லை. என் லினக்ஸ் போனுக்கு யூனிகோடு மட்டும்தான் தெரியும்.

நல்லவேளையாக மாற்றும் கருவியும் லினக்ஸிலேயே இருக்கிறது. ஐசியூ என்ற நூலகத்தில் ஜாவ்ஜியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் விதிகள் உண்டு. யூகான்வ் என்ற கட்டளை அதைச் செய்துதரும். ஆல்பைனில் ஐசியூவின் முழுத் தரவுப் பொட்டலத்தையும் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஆங்கிலத்துக்கு வேண்டியது மட்டும்தான் இருக்கும். சிக்கல் வேறு இடத்தில். அப்பாவின் கோப்பில் இரண்டும் கலந்து கிடந்தன. யூனிகோடில் இருக்கும் பெயரை மறுபடி மாற்றினால் அதுவும் கெட்டுப்போகும். எது எது என்று கணிக்க கூகுள் வெளியிட்ட மியன்மார் டூல்ஸ் என்ற திறந்த மூல நூலகம் இருக்கிறது. ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் அது ஜாவ்ஜியாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு எண்ணைத் தரும். நீளமான வாக்கியத்துக்கு அருமையாக வேலை செய்கிறது. ஆனால் தொடர்புப் பெயர்கள் இரண்டு மூன்று எழுத்து. அதில் பாதிக்கு 'தெரியாது' என்கிற மாதிரிதான் எண் வந்தது.

சந்தேகமானவற்றை மட்டும் தனியே ஒரு பட்டியலாக்கி, கரண்ட் இல்லாத ஒரு மாலையில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். இரண்டு விதமாகவும் படித்துக் காட்டுவேன், எது ஆள் என்று அவர் சொல்வார். "அது ஆள் பெயர் இல்லம்மா, மில் பெயர்." "அந்த ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார், எடுத்துவிடு." "வேண்டாம், எடுக்காதே, அந்த நம்பரில் இப்போது அவர் மகன் பேசுகிறான்." மூன்று பேர் பெயரை எப்படிப் படித்தும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவற்றை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன்.

இனி ஆபீஸ் கதை. நான் கணக்கு எழுதுவது உளுந்தும் துவரையும் இந்தியாவுக்கு அனுப்பும் ஒரு சிறு கம்பெனியில். உள்ளூரில் சரக்கைப் பற்றிப் பேசும்போது வீசை. கப்பலுக்குப் போகும்போது டன். ஒரு வீசை 1.633 கிலோ, ஒரு டன்னுக்கு 612 வீசையும் கொஞ்சமும். விலை இங்கே கியாட்டில், அங்கே டாலரில். எந்த டாலர் ரேட் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். சாதாரண ரகமும் உயர்ந்த ரகமும், அதாவது எஃப்ஏக்யூவும் எஸ்க்யூவும், வேறு வேறு விலை. இதற்கென்று பைத்தானில் ஒரு குட்டி நிரல் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று எண்ணைக் கொடுத்தால் வேண்டியது வரும். கொடுத்தது, வந்தது எல்லாம் தேதியோடு ஒரு கோப்பில் பதிவாகிவிடும். முன்பு இதை ஆண்ட்ராய்டின் ஏதோ ஒரு கணக்கு ஆப்பில் செய்துகொண்டிருந்தேன், விளம்பரத்துக்கு நடுவில். இப்போது டெர்மினலில் ஒரு வார்த்தை தட்டினால் போதும். போனைக் கேபிளில் கணினியோடு மாட்டினால் அது ஒரு நெட்வொர்க் ஆகிவிடும், 172.16.42.1 என்ற முகவரிக்கு எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக நுழைந்து, மாத முடிவில் அந்தக் கோப்பை எடுத்துக்கொள்கிறேன். இணையம் வேண்டாம், கூகுள் கணக்கு வேண்டாம், யாருக்கும் மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம்.

முதலாளி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஹேக் பண்றியா?" என்றார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடினால் எல்லோருக்கும் அதே சந்தேகம். அவர் கேட்ட விலையை அந்தத் திரையிலேயே எடுத்துக் காட்டியதும் அமைதியானார். இப்போது அவரே, "அந்தக் கறுப்பு போனில் பார்த்துச் சொல்" என்கிறார்.

இதே காரணத்துக்காக இந்தப் போனை வீட்டுக்கும் ஆபீசுக்கும் தவிர வேறெங்கும் கொண்டுபோவதில்லை. போனை வாங்கிப் பார்க்கும் இடங்கள் உள்ள ஊர் இது. புரியாத திரையை வைத்துக்கொண்டு அங்கே விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமையும் இல்லை, தைரியமும் இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

ஓடாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். பின் கேமரா எனக்கு இல்லாததற்குச் சமம். இது சோம்பேறித்தனத்தால் வந்ததில்லை. கேமரா சென்சாருக்கு டிரைவர் எழுதினால் மட்டும் படம் வந்துவிடாது. சென்சார் தரும் பதப்படுத்தாத தகவலைப் படமாக்கும் வேலையைச் சிப்புக்குள் இருக்கும் ஒரு தனிப் பகுதி செய்கிறது. அதை இயக்கும் ரகசியம் கம்பெனியின் மூடிய மென்பொருளில் இருக்கிறது. லிப்கேமரா என்ற திட்டத்தில் அந்த வேலையைச் சாதாரண மென்பொருளாலேயே செய்யப் பார்க்கிறார்கள். போன் பேச்சும் நம்பும்படி இல்லை. மணி அடிக்கும், எடுத்தால் சில நேரம் சத்தம் இருக்காது. சிம்மை அதில் டேட்டாவுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். திரை அணைந்து போன் உறக்கத்துக்குப் போனால் அரட்டைச் செய்திகள் வராது, எழுப்பினால்தான் வரும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

பணம் அனுப்பும் ஆப்பை வேட்ராய்டில் போட்டுப் பார்த்தேன். லினக்ஸுக்குள்ளேயே ஒரு தனிப் பெட்டியில் ஆண்ட்ராய்டை ஓட்டும் ஏற்பாடு அது. நன்றாகவே ஓடுகிறது, அகராதியும் ரயில் நேர அட்டவணையும் அதில்தான் வைத்திருக்கிறேன். ஆனால் பணம் சம்பந்தப்பட்ட ஆப்கள் தாங்கள் ஓடுவது கம்பெனி முத்திரை உள்ள ஆண்ட்ராய்டா என்று விசாரிக்கும். இல்லையென்றால் கதவைச் சாத்திவிடும். அவர்கள் பக்கம் நியாயம் உண்டு என்று சொல்வார்கள். நான் கேட்பது வேறு: பத்து வருடத்துக்கு முந்தைய கர்னலில் ஓடும் முத்திரை போட்ட போன் பாதுகாப்பானது, போன வாரம் திருத்தம் வந்த என் போன் ஆபத்தானதா?

மின்சாரம் பற்றிச் சொல்லாமல் யாங்கோனிலிருந்து எதையும் எழுதி முடிக்க முடியாது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் முறைவைத்துத்தான் வரும், அந்த முறையும் அடிக்கடி மாறும். போக்கோ ஆண்ட்ராய்டில் இருந்தபோது வேகமாகச் சார்ஜ் ஏறும். லினக்ஸில் மெதுவாகத்தான் ஏறுகிறது. கரண்ட் வருகிற சில மணி நேரத்துக்குள் சோறு ஆக்கவும், தண்ணீர் மோட்டார் போடவும், துணி துவைக்கவும், போன்கள் அத்தனைக்கும் சார்ஜ் போடவும் வேண்டிய வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. இரவில் முறை வரும் நாட்களில் படுக்கும் முன் மாட்டிவிடுகிறேன். பகல் முறை என்றால் ஆபீஸ் இன்வெர்ட்டர். ஆனால் வெளிச்சத்தைக் குறைத்து, வைஃபையை அணைத்து, வெறும் எழுத்து வேலைக்கு வைத்துக்கொண்டால் ஒரு மாலை முழுக்க இருட்டில் எழுத அதன் பேட்டரி தாங்குகிறது. மடிக்கணினி அவ்வளவு நேரம் தாங்காது. ஒரு புளூடூத் கீபோர்டு வாங்கிய பிறகு பதிவுகளின் முதல் வரைவு எல்லாம் இதில்தான்.

வருடத்துக்கு இரண்டு முறை போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் புதிய பதிப்பு வெளியிடுகிறது. நான் வெளியான உடனே போடுவதில்லை. மற்றவர்கள் போட்டு என்ன சொல்கிறார்கள் என்று பார்த்து, கோப்புகளை எடுத்து வைத்துவிட்டுத்தான் போடுவேன். கடைசியாகப் போட்டபோது கர்னல் 6-ஆம் வரிசையில் இருந்தது. ஆர்வத்தில் என் அன்றாட ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளுக்குள் போய் அதன் கர்னல் எண்ணையும் பார்த்தேன். 5-ஆம் வரிசை. அந்தப் போன் இந்தப் போக்கோவைவிடப் பல வருடம் இளையது.

இதைத் தம்பியிடம் சொன்னேன். பதில் இல்லை. அவன் ஜொகூரில் தன் அறை நண்பனின் பழைய ரெட்மி நோட் 7-ஐ வாங்கி அதில் உபுண்டு டச் போட்டிருக்கிறான் என்று அப்புறம்தான் தெரிந்தது. அன்று இரவு வைபரில் அவன் சாப்பிட்ட ரொட்டி சனாயின் படம் ஒன்று வந்தது, கூடவே ஒரு வரி: "லினக்ஸ் போனில் எடுத்தது அக்கா."